இரண்டு பூட்டு போட்ட துப்பாக்கி

இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் என்ன வரும் என்பது எங்களுக்கெல்லாம் மனப்பாடம். சாவிப் பதிவேட்டில் ஒரு நாள் கையெழுத்து விட்டுப்போயிருக்கும், ஒரு நகைக்கடன் பையில் அரக்கு முத்திரை சரியாக விழுந்திருக்காது, தீயணைப்பு சிலிண்டர் காலாவதி ஆகியிருக்கும். இந்த முறை புதிதாக ஒரு வரி: "கார்டின் துப்பாக்கியில் தோட்டா போடப்படவில்லை. கிளை மேலாளர் விளக்கம் தரவும்."

எங்கள் கார்டு ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கான்பூருக்குப் பக்கத்துக் கிராமம். கிளையில் எல்லோருக்கும் அவர் ஹவில்தார்ஜி. கூப்பிட்டுக் கேட்டேன். "சாப், துப்பாக்கி தோளில் இருக்கிறது. தோட்டா பெல்ட்டில் இருக்கிறது. நடுவில் இரண்டு மூன்று செகண்ட். அந்த இடைவெளி எதற்கு என்று கேட்டவருக்கு நீங்கள்தான் எழுத வேண்டும்" என்று சொல்லிவிட்டு சல்யூட் அடித்துப் போய்விட்டார்.

நான் பி.காம். வாழ்க்கையில் ஒரு முறைகூட துப்பாக்கி சுட்டதில்லை. பொங்கலுக்கு ஊர்ப் பொருட்காட்சியில் பலூன் சுட்டதோடு சரி, அதிலும் பாதி குறி தப்பியது. ஆனால் நிரப்பிய ஆயுதத்தை எப்படி வைத்துக்கொள்வது என்ற கேள்வி என்னைப் படிக்க வைத்தது. படிக்கப் படிக்க ஒரே பிஸ்டலில் வந்து நின்றேன். அமெரிக்காவின் கோல்ட் எம் 1911. அந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கும் மேலாகப் பதில் தேடிக்கொண்டிருக்கும் துப்பாக்கி அதுதான்.

கதை பிலிப்பைன்ஸில் தொடங்குகிறது.

1898-ல் ஸ்பெயினுடன் நடந்த சண்டையில் ஜெயித்து, 2 கோடி டாலர் கொடுத்து, அமெரிக்கா பிலிப்பைன்ஸை வாங்கிக்கொண்டது. விற்றவன் சரி, வாங்கியவன் சரி, அங்கே இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் எதிர்த்தார்கள். தெற்கே மின்டனாவோ, சூலு தீவுகளில் வாழ்ந்த மோரோ முஸ்லிம்கள் 1913 வரை எதிர்த்தார்கள். அவர்களில் சிலர், இறப்பது என்று சத்தியம் செய்துகொண்டு, கையில் வாளோடு தனியாக ஓடி வந்து தாக்குவார்கள். அமெரிக்க அதிகாரிகளின் இடுப்பில் அப்போது இருந்தது .38 அளவு ரிவால்வர். அதன் குண்டு பட்ட பிறகும் ஓடி வருகிறவன் நிற்பதில்லை என்று புகார் மேல் புகார் போனது. கிடங்கில் போட்டு வைத்திருந்த பழைய .45 ரிவால்வர்களைத் தூசி தட்டித் திரும்ப அனுப்பினார்கள்.

துப்பாக்கிப் பிரியர்கள் எழுதும் கட்டுரைகள் எல்லாம் இந்த இடத்தில் "ஆகவே பெரிய குண்டு தேவைப்பட்டது" என்று அடுத்த பத்திக்குப் போய்விடும். எனக்கு அவ்வளவு சுலபமாகப் போக முடியவில்லை. 1906 மார்ச்சில் ஹோலோ தீவில் புட் டாஜோ என்ற எரிமலையின் உச்சியில் தஞ்சம் புகுந்திருந்த மோரோக்களை அமெரிக்கப் படை சுற்றி வளைத்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே செத்தார்கள். அமெரிக்கத் தரப்பில் சுமார் 20 பேர். வாளோடு ஓடி வந்தவன் ஏன் ஓடி வந்தான் என்பதற்கு அந்தக் கணக்கே போதும்.

இதே பேச்சு நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 1895-ல் சித்ரால் படையெடுப்பில், புது .303 ரைபிளின் மெல்லிய குண்டு பழங்குடி வீரர்களை நிறுத்தவில்லை என்று பிரிட்டிஷ்காரர்கள் குறைப்பட்டார்கள். கல்கத்தா அருகே டம் டம் ஆயுதச்சாலையில் கேப்டன் பெர்டி கிளே என்பவர், மேலுறையைத் திறந்துவிட்டு உடம்புக்குள் விரிகிற குண்டு ஒன்றைச் செய்தார். விமான நிலையம் இருக்கிறதே, அதே டம் டம். 1899-ல் ஹேக் மாநாட்டில் போரில் அந்த மாதிரி குண்டு கூடாது என்று பிரகடனம் வந்தது. ஊர் பெயர் மட்டும் ஆங்கில அகராதியில் தங்கிவிட்டது. குண்டு விரியக்கூடாது என்றால் இன்னொரு வழி, முதலிலேயே அதைப் பெரிதாகச் செய்வது.

எவ்வளவு பெரிது? 1904-ல் அமெரிக்க ராணுவம் இரண்டு பேரை நியமித்தது. ஆயுதப் பிரிவின் ஜான் தாம்ப்சன், மருத்துவப் பிரிவின் லூயி லா கார்ட். சிகாகோ இறைச்சிக்கூடத்தில் உயிருள்ள மாடுகளையும், வேறிடத்தில் மனிதச் சடலங்களையும் பல அளவுக் குண்டுகளால் சுட்டுப் பார்த்தார்கள். படிக்கவே குமட்டுகிற சோதனை. எத்தனை சுட்டால் மாடு விழும் என்பதில் ஒரு ஒழுங்கும் கிடைக்கவில்லை. இருந்தாலும் .45-க்குக் குறைந்து ராணுவக் கைத்துப்பாக்கி கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கமிட்டி போட்டால் என்ன முடிவு வர வேண்டுமோ அது வரும் என்பது எங்கள் தலைமை அலுவலகத்துக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை போல :-)

இங்கேதான் ஜான் மோசஸ் பிரௌனிங் வருகிறார். 1855-ல் யூட்டா மாகாணம் ஆக்டனில் பிறந்தவர். அப்பாவும் துப்பாக்கி செய்பவர். கல்லூரி வாசலை மிதிக்காத மனிதர். குண்டு வெடிக்கும்போது பின்னால் உதைக்கிற விசையை வீணாக்காமல் அதை வைத்தே அடுத்த தோட்டாவை ஏற்றுவது எப்படி என்பதை அவர் அளவுக்கு எளிமையாகச் செய்தவர்கள் இல்லை. 1905 வாக்கில் .45 ஏ.சி.பி. என்ற தோட்டாவையும் அதற்கான பிஸ்டலையும் கோல்ட் கம்பெனிக்காகச் செய்தார்.

தோட்டாவைப் பற்றி ஒரு கணக்கு. இதன் குண்டு 230 கிரெய்ன். கிராமில் கிட்டத்தட்ட 15. நகைக்கடன் பாஷையில் சொன்னால் இரண்டு பவுனுக்குச் சற்றுக் குறைவு. இன்று உலகம் முழுக்க ஓடும் 9 மி.மீ. குண்டு ஏறக்குறைய ஒரு பவுன். 9 மி.மீ. ஒலியை முந்திப் போகும். .45 கனமான ஆள், செகண்டுக்கு 250 மீட்டர் போல, ஒலிக்குப் பின்னால்தான் வரும். விட்டம் 11.43 மி.மீ. முழுக்க உலோக உறை போட்ட, உருண்டை மூக்குள்ள குண்டு. பிஸ்டலின் உள்பாதை அந்த உருண்டை மூக்குக்காகவே அமைந்தது. பிற்காலத்தில் மூக்கில் குழி உள்ள குண்டுகளை இதில் போட்டவர்களுக்குப் பழைய துப்பாக்கிகள் பாதி வழியில் மாட்டிக்கொண்டு தொல்லை கொடுத்தது இதனால்தான். புது வகைத் தோட்டாவுக்கு வாயை அகலப்படுத்திக் கொடுப்பது ஒரு தனித் தொழிலாகவே நடந்தது.

1907-ல் போட்டி தொடங்கியது. ஜெர்மனியின் லூகரும் .45-ல் மாதிரி செய்து அனுப்பி, பிறகு விலகிக்கொண்டது. கடைசியில் எதிரெதிரே நின்றவை கோல்ட்டும் சாவேஜ் கம்பெனியும். இறுதிச் சோதனையில் ஒவ்வொரு பிஸ்டலும் 6000 குண்டு சுட வேண்டும். சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடியும் சுடுவார்கள். சாவேஜ் 37 முறை மக்கர் பண்ணியது. பிரௌனிங்கின் பிஸ்டல் ஒரு முறைகூட இல்லை. 1911 மார்ச் 29 அன்று அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்த வருடம் வேறொரு காரணத்துக்காக ஞாபகம் இருக்கும். அதிலிருந்து சரியாக 80 நாள் கழித்து, 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷனில் நின்ற ரயிலில் கலெக்டர் ஆஷை செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அதே பிரௌனிங்தான். பெல்ஜியம் எஃப்.என். கம்பெனிக்கும் அவர் பிஸ்டல்கள் வடிவமைத்துக் கொடுத்திருந்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம் மணியாச்சியில் வடை வாங்கித் தின்றிருக்கிறேன். அந்தப் பெயரும் இந்தப் பெயரும் ஒரே வருடத்தில் இப்படி முட்டிக்கொள்ளும் என்று தெரியாது.

சரி, நம் கேள்விக்கு வருவோம். நிரப்பிய துப்பாக்கியை எப்படி வைத்துக்கொள்வது?

1911-ன் மேகஸினில் 7 தோட்டா. மேலே உள்ள ஸ்லைடை ஒரு முறை பின்னுக்கு இழுத்து விட்டால் முதல் தோட்டா சேம்பருக்குப் போகும், சுத்தியல் பின்னால் சாய்ந்து நிற்கும். இனி விசையை இழுத்தால் சுத்தியல் விழ வேண்டியது மட்டும்தான் பாக்கி. அதனால் விசை லேசாக, சின்னதாக நகரும். குறி தவறாமல் சுட அது வசதி. இடுப்பில் வைத்துக்கொண்டு குதிரையில் போகிறவனுக்கு அதுவே ஆபத்து.

ஆகவே பூட்டு. முதல் பூட்டு கைப்பிடியின் பின்பக்கம். உள்ளங்கை முழுசாக அழுத்திப் பிடித்தால் ஒழிய விசை நகராது. கீழே விழுந்து கிடக்கும் பிஸ்டலின் விசையில் எதாவது மாட்டினாலும் வெடிக்காது. அதோடு போதும் என்று பிரௌனிங் நினைத்திருக்கலாம். குதிரைப்படைக்காரர்கள் விடவில்லை. ஒரு கையில் கடிவாளம், இன்னொரு கையில் சுத்தியல் சாய்ந்த பிஸ்டல், குதிரை மிரண்டால் என்ன செய்வது? இரண்டு கையும் தேவைப்படாமல் பிஸ்டலை அடக்கி உறையில் போட ஒரு வழி வேண்டும் என்று கேட்டார்கள். 1910-ல் கட்டைவிரலால் மேலே தள்ளும் இரண்டாவது பூட்டு வந்தது. அதைத் தள்ளினால் சுத்தியலும் ஸ்லைடும் இருந்த இடத்தில் நின்றுவிடும்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கருவூல அறையே இப்படித்தான். இரண்டு சாவி, இரண்டு ஆள். மேலாளர் சாவி மட்டும் போட்டால் திறக்காது, காஷியர் சாவி மட்டும் போட்டாலும் திறக்காது. ஒருவர் புத்தி பிசகினாலும் இன்னொருவர் இருப்பார் என்ற நம்பிக்கை. பிஸ்டலில் இரண்டு சாவியும் ஒரே ஆள் கையில். வித்தியாசம் அதுதான், பயமும் அதுதான்.

குதிரையின் அடையாளம் உறையிலும் இருக்கிறது. 1912-ல் வந்த முதல் ஹோல்ஸ்டர் பெல்ட்டிலிருந்து தாழத் தொங்கி, சுழலும்படி இருக்கும். நுனியைத் தொடையோடு கட்டிக்கொள்ள ஒரு வார். குதிரை மேல் உட்கார்ந்தால் உறையும் கூடவே சாயும். கைப்பிடியின் அடியில் ஒரு வளையம், அதில் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொள்வார்கள், கை நழுவினாலும் பிஸ்டல் தரைக்குப் போகாது. முதலில் வந்த மேகஸின்களில்கூட வளையம் உண்டு. 1916-ல் அந்தச் சுழற்சியையெல்லாம் விட்டுவிட்டு எளிமையான தோல் உறை வந்தது. மேலே பெரிய மடிப்பு மூடி, அதில் யு.எஸ். என்ற முத்திரை. மழை, சேறு, மணல் எதுவும் உள்ளே போகாது. அவசரத்துக்கு எடுக்க நேரமாகும். இரண்டாம் உலகப்போரில் டாங்கிக்குள் உட்கார்ந்தவர்களுக்கு இடுப்பு உறை இடித்தது, அவர்களுக்கு மார்பில் குறுக்கே மாட்டும் உறை கொடுத்தார்கள். தோட்டா இல்லாமலே 1.1 கிலோ கனக்கும் பொருளை நாள் முழுக்கச் சுமக்கிறவனுக்கு, எந்த பிஸ்டல் என்பதைவிட எந்த உறை, எந்த பெல்ட் என்பதுதான் முதுகு சொல்லும் பாடம். பின்னாளில் தினமும் சுமப்பவர்களுக்காகவே குழாயைச் சிறிதாக்கி, உடலை அலுமினியத்தில் செய்து, கமாண்டர் என்ற இளைய தம்பியை 1949-50 வாக்கில் கோல்ட் கொண்டுவந்தது.

இப்போது ஹவில்தார்ஜியின் இரண்டு மூன்று செகண்டுக்கு வருகிறேன். 1911-ஐ இடுப்பில் வைக்க மூன்று வழி பேசப்படுகிறது. ஒன்று, மேகஸின் நிறைந்திருக்கும், சேம்பர் காலி. எடுத்து, ஸ்லைடை இழுத்து, பிறகு சுட வேண்டும். இரண்டு, சேம்பரில் தோட்டா, சுத்தியலை மெதுவாக விரலால் இறக்கி வைத்திருப்பது. பார்க்கப் பத்திரமாகத் தெரியும், ஆனால் இறக்கும்போது விரல் வழுக்கினால் கதை முடிந்தது. மூன்று, சேம்பரில் தோட்டா, சுத்தியல் சாய்ந்து, கட்டைவிரல் பூட்டு மேலே. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். பூட்டு அமைந்திருப்பது என்னவோ அதற்காகத்தான்.

இத்தனை பூட்டு போட்டு வாங்கிய ராணுவம் என்ன செய்தது? உடனடியாகப் பயன்படுத்தும் சூழ்நிலை தெரியாதவரை சேம்பர் காலியாக இருக்கட்டும், சண்டை நெருங்குகிறது என்றால் ஏற்றிப் பூட்டிக்கொள் என்று கையேட்டில் எழுதியது. ராணுவத்துக்குத் தன் பிஸ்டல் மேல் சந்தேகம் இல்லை. லட்சக்கணக்கான இளைஞர்கள் கையில் கொடுக்கிறோமே, எல்லாருடைய விரலும் ஒரே மாதிரியா என்பதுதான் சந்தேகம். அமெரிக்கக் கடற்படைப் பிரிவில் இருந்து வந்த ஜெஃப் கூப்பர் என்பவர் இதற்கு நேர் எதிர்க்கட்சி. பயிற்சி உள்ளவன் மூன்றாவது வழியில்தான் வைத்திருக்க வேண்டும் என்று ஆயுள் முழுக்க வாதாடினார். 1976-ல் அரிசோனாவில் அதற்கென ஒரு பள்ளியே தொடங்கினார். அதே கூப்பர்தான் எந்தத் துப்பாக்கியும் நிரம்பியிருப்பதாகவே நினை, குறி பார்க்கும்வரை விசையில் விரல் வைக்காதே என்றெல்லாம் விதிகளும் எழுதினார். எனக்குப் புரிந்த அளவில், அவருடைய மூன்றாவது பூட்டு அந்த விரல். 1983-ல் கோல்ட் கம்பெனி, விசையை இழுத்தால் தவிர ஊசி முன்னே போகாதபடி உள்ளே இன்னொரு தடுப்பு வைத்தது. கீழே விழுந்து வெடிக்கும் பயம் அதற்கு முன் முழுசாகத் தீர்ந்திருக்கவில்லை என்று அதிலிருந்தே தெரிகிறது.

இதன் நடுவே ஒரு சுவையான செய்தி. இரண்டாம் உலகப்போரில் இந்தப் பிஸ்டலை அதிகம் செய்தது கோல்ட் இல்லை. ரெமிங்டன் ராண்ட், ஆமாம், டைப்ரைட்டர் கம்பெனி. எட்டரை லட்சத்துக்கும் மேல் செய்து கொடுத்தது. சிங்கர் தையல் மெஷின் கம்பெனியும் மாதிரிக்காக 500 செய்தது, இன்று சேகரிப்பவர்கள் அதற்காகச் சொத்தை விற்பார்கள். ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் லோயர் பாஸ் செய்தது ரெமிங்டனில். அம்மா எங்களுக்குச் சட்டை தைத்தது சிங்கரில். ஒரே மாதிரி உதிரிப் பாகத்தை லட்சம் முறை பிசகாமல் செய்கிறவனால் எதையும் செய்ய முடியும் என்பதுதான் செய்தி.

1985-ல் அமெரிக்க ராணுவம் 1911-ஐ விட்டு இத்தாலிய பெரெட்டாவின் 9 மி.மீ.க்கு மாறியது. நேட்டோ நாடுகளோடு ஒரே தோட்டா, மேகஸினில் 15. ஒரு பவுன் குண்டு ஜெயித்தது. பிரௌனிங் 1926-ல் பெல்ஜியத்தில் எஃப்.என். தொழிற்சாலையில் வேலையின் நடுவிலேயே இறந்துபோனார். அவர் தொடங்கி வைத்த கடைசி பிஸ்டலை அங்கிருந்த சைவ் என்பவர் முடித்து 1935-ல் வெளியிட்டார். அதுவும் 9 மி.மீ. அதையே வங்காளத்தில் ஈஷாப்பூர் தொழிற்சாலை 1ஏ என்ற பெயரில் செய்தது, நம் ராணுவ அதிகாரிகளின் இடுப்பில் நெடுநாள் இருந்தது. ஹவில்தார்ஜிக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. பிரௌனிங் என்ற பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தார்.

நிறுத்தும் சக்தி என்று மாட்டைச் சுட்டுத் தேடினார்களே, அதற்கும் ஒரு அடிக்குறிப்பு உண்டு. பிரௌனிங் 1908-ல் இன்னொரு சின்னத் தோட்டாவும் செய்தார், .380. 1914-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்று உலகப்போரைத் தொடங்கி வைத்தது அந்தத் தோட்டா. 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் காந்தியைக் கொன்ற பெரெட்டாவில் இருந்ததும் அதே அளவுத் தோட்டா. எந்தக் குண்டு பெரியது என்ற விவாதம் அதோடு எனக்கு முடிந்துவிட்டது.

விளக்கம் எழுத வேண்டியது பாக்கி இருந்தது. எழுத உட்கார்ந்தபோது எனக்கு முந்தைய கிளை ஞாபகம் வந்தது. அங்கே கார்டின் இரட்டைக்குழல் துப்பாக்கி விதிப்படி நிரம்பித்தான் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறக்க அவர் அதை நாற்காலியில் சாய்த்து வைத்தார். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். வெடித்தது. சுவர் பெயர்ந்தது. பாஸ்புக் பதிய வரிசையில் நின்ற ஒரு அம்மாவின் கெண்டைக்காலில் இரண்டு ரவை. உயிருக்கு ஒன்றுமில்லை, நடக்கத்தான் மூன்று மாதம் ஆனது. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போன என்னிடம் அவர் கோபப்படவே இல்லை. "பணம் பத்திரமா இருக்கா பேட்டா?" என்று கேட்டார். அன்று நான் தூங்கவில்லை.

இத்தனை நாளாக அந்தச் சம்பவத்தை "நிரப்பி வைத்ததால் வந்த வினை" என்றே நினைத்திருந்தேன். 1911-ஐப் படித்த பிறகு வேறு மாதிரி தெரிகிறது. அந்தத் துப்பாக்கிக்கு உறை இல்லை. தோள் வார் அறுந்துபோய் மாதக்கணக்காகி இருந்தது, புது வாருக்கு யாரும் எழுதவில்லை. நானும்தான். ஆயுதம் ஆயுளில் சுடுவது ஒரு நிமிடம்கூட இருக்காது. மற்ற நேரமெல்லாம் அது எங்கேயாவது வைக்கப்பட்டிருக்கிறது. அந்த மற்ற நேரத்துக்குத்தான் குதிரைப்படைக்காரன் உறையும் கயிறும் வளையமும் பூட்டும் கேட்டு வாங்கினான்.

என் பதில் மூன்று வரி. பணம் வரும்போதும் போகும்போதும் துப்பாக்கியில் தோட்டா இருக்கும். மற்ற நேரத்தில் தோட்டா பெல்ட்டில் இருக்கும். எந்த நேரத்திலும் துப்பாக்கி கார்டின் தோளை விட்டு இறங்காது, இறங்கினால் காலி செய்து பூட்டி வைக்கப்படும். ஹவில்தார்ஜியிடம் படித்துக் காட்டினேன். "ஃபௌஜில் இப்படித்தான் சாப்" என்றார். மேலிடத்திலிருந்து "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று வந்தது.

கூடவே அவர் துப்பாக்கிக்குப் புது தோல் வார் ஒன்று வாங்கினேன், 350 ரூபாய், சில்லறைச் செலவுக் கணக்கில். அடுத்த ஆடிட்டில் அந்த வவுச்சருக்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.